வரப்பில் பதினேழு இட்ட முட்டைகள்

பதினேழு என்பவள் குழி பறிக்க ஆரம்பித்தபோது காலை பத்தே கால். நான் நாற்பது அடி தள்ளி ஒரு முல்கா மரத்தின் கஞ்ச நிழலில் தொலைநோக்கியும் கையுமாகக் குப்புறப் படுத்திருந்தேன். சட்டைக்குள் எறும்பு ஏறிவிட்டது. நான் அசையவில்லை. அசைந்தால் அவள் வேலையை நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் இன்னும் ஒரு வாரம் முட்டைகளைச் சுமந்துகொண்டு அலைவாள். சில சமயம் அப்படி அலைந்தே செத்துப்போவார்கள்.

பதினேழு ஒரு தாடி ஓணான். மூக்கிலிருந்து வால் நுனி வரை நாற்பத்தாறு சென்டிமீட்டர். முதுகில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு ரேடியோவை நான் ஒட்டியிருந்தேன். என் ஆராய்ச்சிப் பட்டியலில் அவள் பதினேழாவது. பெயர் வைக்கக்கூடாது என்பது பல்கலைக்கழகத்தில் என் வழிகாட்டி போட்ட சட்டம். பெயர் வைத்தால் பாசம் வந்துவிடுமாம். எண் வைத்தாலும் வரும் என்று அவருக்குத் தெரியாது. வருடத்துக்கு மூன்று நாள்தான் அவர் இந்தப் பக்கம் வருவார்.

காலையில் அவளைப் பார்த்தால் கருகிப்போன கட்டை மாதிரி வேலிக்கம்பத்தின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருப்பாள். வெயிலை இழுக்கத்தான் அந்தக் கறுப்பு. உடம்பு சூடேறச் சூடேற நிறம் வெளுத்து, பதினொரு மணிக்கெல்லாம் காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடுவாள். இன்னும் சூடானால் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு, யாரோ சொன்ன பொய்யைக் கேட்டுத் திகைத்துப்போனவள் போல உட்கார்ந்திருப்பாள். அடுத்த கம்பத்து ஆண் ஓணான் தாடியைக் கறுப்பாக்கித் தலையை மேலும் கீழும் ஆட்டி ஆர்ப்பாட்டம் செய்வான். மற்ற பெண் ஓணான்கள் அதற்கு ஒரு கையைத் தூக்கி மெதுவாக வட்டமாக ஆட்டுவார்கள். சரிப்பா, சண்டை வேண்டாம் என்று அர்த்தம். பதினேழு கையை ஆட்டி நான் பார்த்ததில்லை. திரும்பிப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

அதற்குக் காரணம் இருக்கலாம். அவள் ரத்தத்தைச் சோதித்தபோது அதில் இருந்தது ஆணின் மரபணு. முட்டை கிடந்த மண் முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல் சூடானால் இந்த ஓணான்களில் ஆணாக வேண்டியவை சில பெண்ணாகப் பொரிக்கும். அப்படிப் பிறந்தவர்கள் மற்றவர்களைவிடத் துணிச்சலானவர்கள், முட்டையும் அதிகம் இடுவார்கள் என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். காட்டில் அவர்களுடைய பிள்ளைகள் எப்படிப் பிறக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. பதினேழு இட்ட முட்டைகள் அந்த மண்ணிலேயே, அந்த வெயிலிலேயே பொரிக்க வேண்டும். என் இரண்டு வருடப் படிப்பு முழுவதும் அவள் வயிற்றில் இருந்தது.

அவள் பறித்தாள். முன்கால்களால் மண்ணை உதைத்து, பின்கால்களால் தள்ளி, தோள் வரை உள்ளே போய், பிறகு வால் மட்டும் வெளியே தெரிய. பன்னிரண்டு மணிக்குத் திரும்பிப் படுத்துத் தலையை வெளியே நீட்டி அசையாமல் இருந்தாள். ஒரு மணி நேரம். கண்கள் பாதி மூடி. பிறகு வெளியே வந்தபோது விலாவில் தோல் காலிப் பை போலத் தொங்கியது. அந்தக் களைப்பிலும் போகவில்லை. குழியை மூடி, மண்ணைத் தலையால் முட்டி முட்டி இறுக்கினாள். மூக்கில் சிராய்ப்பு. முடித்துவிட்டு ஒரு முறை சுற்றிப் பார்த்து, தன் கம்பத்துக்கு ஏறிப் போனாள்.

எல்லாம் சரி. அவள் தேர்ந்தெடுத்த இடம்தான் சரியில்லை. டின்ஹட் சாலையின் ஓரத்து வரப்பு.

எங்கள் வட்டாரத்தில் மண்சாலைகளை கிரேடர் வண்டிதான் பராமரிக்கிறது. ஓரத்து மண்ணை பிளேடால் வெட்டி இழுத்து, சாலை விளிம்பில் முழங்கால் உயரத்துக்கு நீள வரப்பாக விட்டுவைப்பார்கள். தண்ணீர் லாரி வந்து நனைத்த பிறகு கிரேடர் திரும்பி வந்து அந்த வரப்பை நடுச்சாலைக்குப் பரப்பி அழுத்தும். இடையில் இரண்டு நாள், மூன்று நாள். இந்த முறை தண்ணீர் லாரியின் பம்பு உடைந்து வரப்பு அப்படியே கிடந்தது. மழை பெய்து பதினெட்டு மாதம் ஆகியிருந்தது. சுற்றிலும் தரை செங்கல் மாதிரி. முட்டை கனத்த ஒருத்திக்கு அந்த வரப்பு மெத்தை விரித்து வைத்தது போலத்தான் தெரிந்திருக்கும்.

அந்த வரப்பைப் போட்டவள் என் அக்கா.

*

பிரானுக்கு முப்பத்து நான்கு வயது. பதினைந்தில் பள்ளியை விட்டவள். அப்பா ஆட்டுரோமம் வெட்டி வெட்டி முதுகு போய்ப் படுத்த வருடம் அது. ஒன்பது வருடமாக எங்கள் வட்டார கவுன்சிலின் கிரேடரை ஓட்டுகிறாள். எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் கடற்கரைப் பக்கம் போய்விட்ட பிறகு, ஆராய்ச்சிக் காலத்தில் நான் தங்குவது பிரானின் வீட்டில்.

அன்று சாயங்காலம் அவள் ஆட்டுக்கறித் துண்டுகளை வாணலியில் புரட்டிக்கொண்டிருந்தாள். கண்ணிமை வரை சிவப்புத் தூசி.

"பிரான், டின்ஹட் ரோட்டு வரப்ப எப்பப் பரப்பப் போற?"

"பம்பு வந்ததும். எதுக்கு?"

"பரப்பாத."

"சரிங்க டாக்டரம்மா. சூரியனையும் அப்படியே நிறுத்தி வெச்சிடவா?"

"வெளையாடாத. ஒரு பொம்பள ஓணான் அதுல முட்ட போட்டிருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணுதான் பாத்தியா?"

அந்தக் கேள்வியை நான் அப்போது காதில் வாங்கவில்லை. என் பேச்சு எனக்கு முக்கியமாக இருந்தது. "பொரிக்க ரெண்டு மாசம் ஆகும். கூடக் கொஞ்சமும் ஆகலாம். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"ரெண்டு மாசமா! அது ரோடு டீ. ஸ்கூல் பஸ்ஸு போகுது, ஆட்டு லாரி போகுது. வரப்பு கெடக்குறப்ப மழ வந்தா தண்ணி வெளிய போகாது. ரோடே வாய்க்காலாயிடும். ஏழு நாளைக்கு மேல விடக்கூடாதுன்னு கவுன்சில்ல ரூலே இருக்கு."

"மழையா? மழைய நீ கடைசியா எப்பப் பாத்த?"

"அதனாலதான் வரும்."

"ஒனக்கு ரோடுதான் பெருசு இல்ல?"

"எனக்கு ரோட்டுக்குத்தான் சம்பளம் தர்றாங்க. ஓணானுக்குத் தர்றதில்ல. ஒனக்குத் தர்றாங்க."

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தும் ரகம் இல்லை. பல்கலைக்கழகத்தில் முதல் நாளே ஒருத்தி எந்தப் பள்ளி என்று கேட்டாள். கேட்டது பள்ளியை இல்லை, அப்பா என்ன செய்கிறார் என்பதை. நான் சொன்னேன். அவள் "ஓ, எவ்வளவு சுவாரஸ்யம்" என்றாள். அன்றிலிருந்து எனக்குள் ஒரு அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. அங்கே எரிக்க முடியாததை வீட்டுக்குக் கொண்டுவந்து எரிப்பேன்.

"அவ்ளோ ஒசரத்துல மெஷின்ல உக்காந்துட்டு பிளேட எறக்குறியே, எத்தன முட்டைய நசுக்குறேன்னு ஒரு நாளாவது பாத்திருக்கியா? கண்ணு தெரியாத மாதிரி போறது, சாயங்காலம் வந்து கறி வறுக்கறது!"

பிரான் அடுப்பை அணைத்தாள். இரண்டு துண்டுகளை என் தட்டில் வைத்து, டப்பா பீட்ரூட்டையும் வைத்து, தக்காளி சாஸ் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள்.

"எனக்குக் கண்ணு தெரியல. சரி. படிச்சவ நீ, ஒனக்குத் தெரியுது. தின்னுட்டுத் தட்டக் கழுவி வை."

மறுநாள் அவள் சாலைப் பணியாளர் முகாமுக்குப் போய்விட்டாள். கூடாரமும் டிரெய்லருமாக வேலை இருக்கும் இடத்துக்கு நகரும் முகாம். வார இறுதியில் வருவாள். அந்த வாரம் வரவில்லை.

நான் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினேன்.

அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. இரண்டு பக்கம். "பொறுப்பற்ற பராமரிப்பு நடைமுறை", "சூழலியல் விழிப்புணர்வு அறவே அற்ற இயந்திர இயக்குநர்கள்" என்றெல்லாம் எழுதினேன். வரப்பை இத்தனை நாள் விட்டதும் தவறு, இனிமேல் எடுப்பதும் தவறு என்று இரண்டு பக்கமும் வெட்டினேன். பெயர் எதுவும் எழுதவில்லை. நான் எதிர்ப்பது அமைப்பை, ஆளை இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். டின்ஹட் சாலையில் கிரேடர் ஓட்டுவது ஒரே ஒருத்தி என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தபாலில் போட்டேன்.

*

வரப்பு நகரவில்லை.

அக்டோபர் முதல் வாரம் போனது, இரண்டாவது போனது. தினமும் காலையில் வண்டியை நிறுத்தியதும் முதலில் வரப்பைத்தான் பார்ப்பேன். இருந்தது. என் கடிதம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். சிரித்துக்கூடக் கொண்டேன், தனியாக, முல்கா மரத்தடியில்.

முட்டைகளுக்குப் பக்கத்தில் நான் செருகி வைத்திருந்த வெப்பமானி நண்பகலில் முப்பத்து நான்கு காட்டியது. பதினேழு தன் வேலையைப் பார்த்தாள். முட்டையிட்ட பெண்ணுக்கு வரும் பசி அவளுக்கு வந்திருந்தது. வண்டு, வெட்டுக்கிளி, பூ, இலை, ஒரு தடவை யாரோ வீசிய சாண்ட்விச் ரொட்டியின் ஓரம். விலா மறுபடி நிறைந்தது. பருந்தின் நிழல் கடந்தால் தலையைத் தூக்காமலேயே கம்பத்தில் தட்டையாகப் படிந்துவிடுவாள். உச்சந்தலையில் அரிசி மணி அளவுக்கு மூன்றாவதாக ஒரு கண் இருக்கிறது அவர்களுக்கு, நிழலை மட்டும் பார்ப்பதற்கு. அந்த மூன்றாவது கண்ணை நான் ஒரு நாள் உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் என்னை மற்ற இரண்டு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அவள் சகித்துக்கொண்டாள் என்று சொல்வதுதான் சரி. மனிதர்களில் அவ்வளவு பொறுமை உள்ளவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிரான் மட்டும் வரவில்லை. நான்கு வாரம். போன் செய்தால் எடுப்பதில்லை.

நவம்பர் முதல் புதன்கிழமை காலின் ஹாக்கெட் வந்தார். கவுன்சில் சாலை வேலைகளுக்கு மேற்பார்வையாளர். வண்டியின் பின்னால் நாய் நின்றுகொண்டிருந்தது. அவர் இறங்கவில்லை, முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கடுதாசி எழுதுனது நீதானே?"

"ஆமா."

"நல்லா இருந்துச்சு. மீட்டிங்ல சத்தமா வாசிச்சாங்க. ரெண்டு எடத்துல அகராதி பாக்க வேண்டியதாப் போச்சு."

"அதனாலதானே வரப்ப அப்படியே விட்டிருக்கீங்க? நன்றி."

அவர் ஈயை விரட்டினார். "ஒங் கடுதாசிய போன செவ்வாக்கெழமதான் பிரிச்சாங்க. ஒரு மாசம் மேசையில கெடந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. "அப்போ வரப்பு ஏன்..."

"அதத்தான் நானும் ஒங்க அக்காகிட்ட கேட்டேன். பம்பு அக்டோபர் ஆறாந்தேதியே வந்துருச்சு. அவ ஒவ்வொரு தடவையும் ஒரு கத சொல்லி வேற ரோட்டுக்குப் போயிட்டா. நானும் இந்தப் பக்கம் வரல, கண்டுக்கல. இப்ப நீ பக்கம் பக்கமா எழுதி, வரப்பு கெடக்குன்னு ஊருக்கே சொல்லிட்ட. அஞ்சு வாரமாச்சு. ரூலு ஏழு நாளு. கவுன்சில் தலைவியம்மா 'யாரு விட்டது'ன்னு கேட்டா நான் என்ன செய்ய, நாய காட்டவா?"

நாய் என்னைப் பார்த்தது.

"திங்கக்கெழமையில இருந்து ரெண்டு வாரம் அவள வீட்ல உக்காரச் சொல்லியாச்சு. அதுக்கு முன்னாடி வரப்பப் பரப்பிடணும். வெள்ளிக்கெழம சாயங்காலம் பெரிய மழைன்னு ரேடியோல சொல்றான். இந்த வாய்க்காலு நெறஞ்சா அந்தாண்ட இருக்கிற ஏழு குடும்பமும் மாட்டிக்கும். ஒருத்தி மாசமா வேற இருக்கா."

"பிரான் ஏன் விட்டான்னு சொன்னாளா?"

"மண்ணு கொஞ்சம் பதப்படட்டும்னா. வெயில்ல மண்ணு பதப்படுமாம்." அவர் வண்டியை எடுத்தார். "ஒங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கு வாயும் ஜாஸ்தி, பொய் சொல்லவும் வராது."

*

முப்பதாவது கிலோமீட்டரில் பிரானின் மஞ்சள் கிரேடரைப் பிடித்தேன். என் வண்டியைப் பார்த்தாள். நிறுத்தவில்லை. நான் இறங்கி அதோடு கூடவே ஓடினேன். தூசியில் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது எனக்கே கேட்கவில்லை. அவள் நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

திடீரென்று கிரேடர் நின்றது. எனக்காக இல்லை. சாலை நடுவில் ஒரு இளம் ஓணான் உடம்பைப் பலகையாக விரித்து, தாடியைக் கறுப்பாக்கி, வாயைப் பிளந்துகொண்டு பதினெட்டு டன் இரும்பை எதிர்த்து நின்றது. பிரான் ஏணியில் இறங்கி வந்தாள். தொப்பியைக் கழற்றி அதன் வயிற்றுக்கடியில் நுழைத்தாள்.

"வாய மூடு. ஒன்ன இங்க யாரும் திங்கப் போறதில்ல."

ஓணானை வேலிப்பக்கம் கொண்டுபோய் விட்டாள். திரும்பும்போது நான் ஏணியின் முன்னால் நின்றேன்.

"நவுரு டீகன்." அவள் வாயிலிருந்து என் பெயர் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"கடிதம் எழுதுனது நான்தான்."

"அப்படியா? 'அறவே அற்ற'ன்னு போட்டிருந்துச்சு. நம்ம வீட்ல வேற யாரு எழுதுவா, அப்பாவா?"

"நான் கேவலமா நடந்துக்கிட்டேன்."

"ம்."

"வரப்ப ஏன் விட்ட? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க சொல்ல விட்ட?" அவள் தொப்பியால் தொடையைத் தட்டினாள். தூசி பறந்தது. "ஒண்ணுதான் பாத்தியான்னு கேட்டேன். காதுலயே வாங்கல. அஞ்சு எடத்துல போட்டிருக்குங்க டீ. ஒன்னோட ரேடியோக்காரி பதினாலாம் கல்லுகிட்ட. இன்னொண்ணு பதினாறு தாண்டி, சாஞ்ச கம்பத்துக்கு எதுத்தாப்ல. பதினெட்டுல ரெண்டு, பக்கத்துல பக்கத்துல. கடைசி இருவத்திரண்டுல எங்கயோ."

என் குறிப்பேட்டில் இருந்தது ஒரே ஒரு குழிதான்.

"மொதல் வருஷம் வரப்பப் பரப்புறப்போ பிளேடுக்கு முன்னாடி வெள்ளையா ஏதோ உருண்டுச்சு. காளான்னு நெனச்சேன். ரெண்டாவது வருஷமும் காளான்னுதான் நெனச்சேன். ஒரு நாள் ஒண்ணுக்குப் போக எறங்குனேன், அப்பத்தான் பாத்தேன். உள்ள குட்டி இருந்துச்சு. வெரலு, நகமெல்லாம் இருந்துச்சு." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்புறம் இந்த மாசத்துல வரப்பு போட்டா அதுங்க வர்றதுக்குள்ள பரப்பிடுவேன். இந்தத் தடவ பம்பு போச்சு. வந்து போட்டுருச்சுங்க. போட்டப்புறம் எப்படி எடுக்க? அதுலயும் ஒண்ணு ஒன்னோடது."

கண்ணு தெரியாத மாதிரி போறது என்று அவளைப் பார்த்துச் சொன்ன வாய் என் முகத்தில்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"இப்ப என்ன, மன்னிப்பு கேக்க வந்தியா? இல்ல, முட்டை கேக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்."

"மொதல்ல எது?"

நான் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னேன். "முட்டை."

பிரான் ஒரு நொடி முறைத்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். "இதுதான் டீ நீ. பிசாசு. ஏறு வண்டியில. வெள்ளி மத்தியானம் வரைக்கும் டயம் இருக்கு."

*

ஓணான் முட்டையை எடுத்தால் உருட்டக்கூடாது. இட்ட ஓரிரு நாளில் உள்ளே கரு மேல்தோலில் ஒட்டிக்கொள்கிறது. மேல்பக்கம் கீழே போனால் மூச்சு முட்டிச் செத்துவிடும். கிடந்தது கிடந்தபடியே, அதே ஆழத்தில், அதே வெயிலில் வைக்க வேண்டும். பக்கத்து வேலியோரம் அதே மண்ணைக் கொட்டிப் புது மேடு போட்டால் சரியாக இருக்கும் என்று நான் சொன்னேன். பிரான் பிளேடை ஒரு பக்கம் சாய்த்து, வரப்பின் வெறும் பகுதியிலிருந்து மண்ணை வேலியோரம் தள்ளி ஐந்து நிமிடத்தில் மேடு போட்டுவிட்டாள்.

பிறகு பதினேழின் குழி. பிரான் பிளேடை வரப்பின் தலையில் வைத்து இரண்டு விரல் கனத்துக்கு மண்ணைச் சீவினாள். பன்னிரண்டு அடி நீளப் பிளேடால், வெண்ணெய் சீவுவது போல. இன்னொரு தடவை இரண்டு விரல். நான் கையைத் தூக்கியதும் நிறுத்தினாள். அதற்குப் பிறகு சூப் கரண்டியால் நான் தோண்டினேன்.

முதல் முட்டை தெரிந்தது. இட்டபோது இருந்ததைப் போல இரண்டு மடங்கு ஊதி, என் கட்டைவிரல் நுனி அளவுக்கு, சுண்ணாம்பு வெள்ளையில். நான் பென்சிலால் அதன் உச்சியில் ஒரு புள்ளி வைத்தேன். எடுக்கப் போனேன். விரல் பட்டதும் முட்டை லேசாக அசைந்தது. எத்தனை ஓணான்களுக்கு ரத்தம் எடுத்த கை! அதைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"தள்ளு," என்றாள் பிரான்.

"உருட்டிடாத பிரான். புள்ளி மேல..."

"புள்ளி மேலயே இருக்கணும். தெரியுது. நாள் பூரா ஒரு இன்ச்சு ஏத்தி எறக்குற கை டீ இது. மூச்ச விடு."

அவள் எடுத்தாள். கறுத்துப்போன நகம், தழும்பு விழுந்த விரல்கள். ஒவ்வொன்றையும் மண்ணோடு சேர்த்து அள்ளி, அவளுடைய மதியச் சாப்பாட்டு ஐஸ்பெட்டியில் மணல் பரப்பி வைத்து, புது மேட்டில் அதே ஆழத்தில் இறக்கினாள். இருபத்து மூன்று. என் மூச்சை நான் அப்போதுதான் விட்டேன். பதினேழு கம்பத்தில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டு ஒரு வண்டைத் தின்றாள்.

பதினாறாம் கல் தாண்டிப் பத்தொன்பது முட்டைகள். பதினெட்டில் ஒரு குழியை மணல் உடும்பு எங்களுக்கு முன்பே தோண்டித் தின்றிருந்தது; கிழிந்த தோல்கள் மட்டும். இன்னொன்று முழுசாகக் கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் இருபத்திரண்டுக்கு வந்தோம். தெற்கே வானம் காயம் பட்ட தோல் மாதிரி ஊதா நிறத்தில் எழுந்து வந்துகொண்டிருந்தது.

அங்கே கிடைக்கவில்லை. பிரான் அது பறிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தாள், அவ்வளவுதான். இருநூறு மீட்டர் சீவினோம். கரண்டி, கை, முழங்கால். மூன்று மணிக்குக் காலின் ரேடியோவில் கூப்பிட்டார். "பிரான், என்ன செய்ற நீ? இங்க துளி விழுந்தாச்சு."

"ஒரு பத்து நிமிஷம் காலின்."

"பத்து நிமிஷம் ஒனக்கு இல்ல. அந்தப் பொண்ணு எப்ப பெத்துக்குவான்னு தெரியாது. ரோட்ட மூடு."

பிரான் கிரேடரில் ஏறினாள். எஞ்சின் ஓடியது, வண்டி நகரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவள் இரண்டு கையையும் நெம்புகோல்களில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பிளேடு இறங்கியது. வரப்பு புரண்டு நடுச்சாலைக்குப் போனது. நூற்றைம்பதாவது மீட்டர் வாக்கில் சிவப்பு மண்ணில் வெள்ளையாக ஏதோ உருண்டது. நான் கண்ணை மூடவில்லை. எண்ணினேன், பதினாறு. அதன் பிறகு மழை வந்துவிட்டது.

அன்று ராத்திரி சாலையில் தண்ணீர் நிற்காமல் இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது. அந்தப் பெண்ணை மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரான் போட்ட சாலை தாங்கியது. எங்கள் மேடுகளும் தாங்கின.

*

கவுன்சிலுக்கு நான் இரண்டாவது கடிதம் எழுதினேன். முக்கால் பக்கம். "இதுல எல்லா வார்த்தையும் புரிஞ்சிச்சு," என்றார் காலின். ஆனால் பிரானின் தண்டனையைக் குறைக்கவில்லை. இரண்டு வாரம் பிரான் என்னோடு முல்கா மரத்தடியில் வந்து உட்கார்ந்தாள். மடக்கு நாற்காலி, தெர்மாஸ் டீ, ஓயாத புலம்பல்.

"இதுக்கா டீ சம்பளம் தர்றாங்க ஒனக்கு? சும்மா பாக்குறதுக்கா?"

"எழுதவும் செய்றேன்."

"என்ன எழுதுற? 'இன்னிக்கும் ஒண்ணும் நடக்கல'ன்னா?"

"அதையும்தான்."

ஐம்பத்தைந்தாம் நாள் காலை பதினேழின் மேட்டில் ஒரு மண்கட்டி தானாக உடைந்தது. குண்டூசித் தலை அளவுக்கு இரண்டு கண்கள். பிரான் டீயைக் கீழே வைத்தாள். குட்டி முழங்கை வரை வெளியே வந்து நின்று, உலகம் இப்படித்தானா என்பது போல அரை மணி நேரம் யோசித்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் தலையை மிதித்துக்கொண்டு. மதியத்துக்குள் பதினெட்டு. ஐந்து முட்டைகள் பொரிக்கவில்லை.

குட்டிகள் ஓடிவிடாமல் ஒவ்வொன்றையும் அளந்து, வாயில் பஞ்சு தடவி மாதிரி எடுத்துவிட்டு விட வேண்டும். அதற்காக மேட்டைச் சுற்றித் தகரப் பட்டையால் கணுக்கால் உயரத்துக்கு வளையம் போட்டிருந்தேன். முட்டாள்தனம். பதினெட்டுக் குட்டிகளை ஒரு தட்டில் பரிமாறி வைத்தது போல் ஆகிவிட்டது. கம்பத்தில் இருந்த பதினேழு தலையைச் சாய்த்தாள். இறங்கினாள். நிதானமாக நடந்து வந்து தகரத்தின் மேல் முன்கால்களை வைத்தாள்.

"பாரு டீகன்! அம்மா பாக்க வந்துட்டா!"

"பாக்க வரல," என்றேன். "திங்க வந்திருக்கா."

"என்னது?"

"அசையறது எல்லாம் அவளுக்குச் சாப்பாடுதான். தான் பெத்ததுன்னெல்லாம் தெரியாது."

பிரான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். "அடிப்பாவி! ஒனக்காக நான் ரெண்டு வாரம் வேலை இல்லாம உக்காந்திருக்கேன், நீ திங்க வர்றியா?" பதினேழு தாடியைக் கறுப்பாக்கி வாயைப் பிளந்தாள். பிரானுக்கு அதெல்லாம் பழக்கம். வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கி, நாற்காலியில் வந்து சாய்ந்து, தன் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டாள்.

ஆராய்ச்சி விதிப்படி நான் தடுத்திருக்க வேண்டும். இயற்கையில் நடப்பது நடக்கட்டும் என்று பார்த்துக் குறிப்பெடுப்பதுதான் என் வேலை. "கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்றேன்.

ஒவ்வொரு குட்டியாக எடுத்து அளந்தேன். பத்து சென்டிமீட்டர், மூன்று கிராம். பஞ்சைத் தடவி, புல்லுக்குள் விட்டேன். விட்டதும் திரும்பிப் பார்க்காமல் ஓடின.

"பொண்ணா பையனா?" என்றாள் பிரான்.

"லேப்ல பாக்கணும். ஒரு மாசம் ஆகும்."

"எல்லாம் பொண்ணாதான் இருக்கும். மொறைக்கறதப் பாத்தாலே தெரியுது."

கடைசிக் குட்டி போனபோது வெயில் சாய்ந்திருந்தது. பதினேழின் தாடி எப்போதோ வெளுத்துவிட்டது. பிரானின் சட்டையில் நான்கு காலையும் விரித்துக் கண்ணை மூடிக்கிடந்தாள். பிரானும் கண்ணை மூடியிருந்தாள். இரண்டு வயிறும் ஒன்றாக ஏறி இறங்கின.

நான் குறிப்பேட்டை எடுத்து எழுதினேன்: பதினேழு. மதியம் ஒன்று பத்து முதல் நாலே முக்கால் வரை நடத்தை எதுவும் பதிவாகவில்லை. காரணம், என் அக்காவின் மேல் தூங்கிவிட்டது.